மைல் இருந்தும் கிடைக்காத இருக்கை: விமான நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்கு விமானம் இயக்கும் நிறுவனங்களின் மைல் திட்டப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த உறவை 1956 நவம்பர் 1 அன்று முறித்துக்கொண்டு, தமிழர் மாநிலமான அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஆனாலும் மார்த்தாண்டம், தக்கலை, கொல்லங்கோடு, நாகர்கோவில் பகுதிகளிலிருந்து துபாய்க்கும் தோகாவுக்கும் மஸ்கட்டுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் களியக்காவிளையைக் கடந்து திருவனந்தபுரத்தில்தான் விமானம் ஏறுகிறார்கள். இவர்களில் பலர், பயணத்துக்கேற்ப 'மைல்' என்ற புள்ளிகளைச் சேர்த்துத் தரும் உங்கள் மைல் திட்டங்களில் உறுப்பினர்கள். சேர்த்த மைல்களைக் கொடுத்து ஒருமுறையாவது எகானமியிலிருந்து பிசினஸ் வகுப்புக்கு அப்கிரேடு செய்ய முடியுமா என்று கேட்டு, 'உங்கள் டிக்கெட்டுக்கு அது பொருந்தாது' என்ற பதிலோடு திரும்பியவர்களும் பலர். அந்தப் பதிலைப் பணம் கட்டுவதற்கு முன்பே சொல்ல உங்களுக்கு என்ன தடை என்று கேட்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

எகானமி என்று நாங்கள் ஒரே சொல்லில் அழைக்கும் வகுப்பை நீங்கள் பல கட்டண வகைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தை ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள். அருகருகே அமர்ந்து ஒரே உணவைச் சாப்பிடும் இருவரில் ஒருவருக்கு முழு மைலும் மற்றவருக்கு அதில் ஒரு சிறு பங்கும் சேர்வதும், ஒருவருடைய டிக்கெட் அப்கிரேடுக்குத் தகுதி பெறுவதும் மற்றவருடையது பெறாததும் அந்த எழுத்தைப் பொறுத்தவை. பல திட்டங்களில் மிகக் குறைந்த சலுகைக் கட்டணத்துக்கு அப்கிரேடு அறவே கிடையாது. இடைப்பட்ட கட்டணத்துக்குக் கூடுதல் மைலும் உயர்ந்த கட்டணத்துக்குக் குறைந்த மைலும் கேட்கப்படுகின்றன. மார்த்தாண்டத்து டிராவல் ஏஜென்சியில் விலையை மட்டும் கேட்டு வாங்கும் ஒருவருக்கு இதை யார் சொல்கிறார்கள்? ஏஜென்சிக்காரர் அச்சிட்டுத் தரும் தாளின் ஒரு மூலையில் அந்த எழுத்து இருக்கத்தான் செய்கிறது; அதன் பொருளை விளக்குவது அவருடைய வேலை என்று அவரும் நினைப்பதில்லை, நீங்களும் அவரிடம் சொன்னதில்லை. சில நூறு ரூபாய் கூடக் கொடுத்திருந்தால் தகுதி கிடைத்திருக்குமா, சில ஆயிரம் தேவைப்பட்டிருக்குமா என்பதை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பே வாங்குபவருக்கு இல்லை.

தகுதியுள்ள டிக்கெட்டை வைத்திருப்பவர் நிலையும் உறுதியானதன்று. பிசினஸ் வகுப்பில் இருக்கைகள் காலியாகக் கிடந்தாலும், மைலுக்கென்று நீங்கள் திறந்துவிடும் இருக்கைகளின் கணக்கு வேறு. அதே இருக்கைகளை ரொக்கத்துக்கு ஏலம் கேட்கச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பும் வழக்கமும் பல நிறுவனங்களில் இருக்கிறது. மைல் கொடுத்துக் கேட்டவருக்கு மறுக்கப்பட்ட இருக்கை ரூபாய்க்கு எப்படிக் காலியாகிறது என்பது வெளியே தெரிவதில்லை. விற்காமல் போகக்கூடிய இருக்கையை முதலில் பணத்துக்கு விற்கப் பார்ப்பது வணிக நியாயம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வரிசைமுறை எழுதப்பட்ட விதியாக எங்கள் கண்ணில் படவேண்டும்.

இவற்றையெல்லாம்விட எங்கள் பகுதியினரை வருத்துவது காலாவதி விதி. மூன்று ஆண்டுகளில் மைல் காலாவதியாகும் திட்டங்கள் பல உள்ளன. மாதந்தோறும் பறக்கும் அதிகாரிக்கு அது தாராளமான கெடு. இரண்டு ஆண்டு ஒப்பந்தம் முடிந்த பிறகே லீவில் ஊருக்கு வரும் தொழிலாளிக்கோ, இரண்டாவது லீவுக்கு வரும்போது முதல் பயணத்தின் மைல்கள் அழிந்திருக்கும். திருவனந்தபுரத்துக்கும் துபாய்க்கும் இடையே வாழ்நாளெல்லாம் போய்வந்தாலும் அவருடைய கணக்கு ஓர் அப்கிரேடின் அளவை எட்டாது. கம்பெனி எடுத்துத் தரும் குழுக் கட்டண டிக்கெட்டாக இருந்தால் பல திட்டங்களில் மைலே ஏறாது. 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் திட்டத்தைத் தொடங்கியபோது பறந்த தூரமே கணக்காக இருந்தது; 2015, 2016 ஆண்டுகளில் அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் கட்டிய பணத்தையே கணக்காக்கின. அந்தப் போக்கு வேறு பல நிறுவனங்களுக்கும் பரவிய பிறகு, மலிவான டிக்கெட்டில் நீண்ட தூரம் போகிறவருக்குக் கிடைப்பது மேலும் சுருங்கிவிட்டது.

பெயர்ச் சிக்கலையும் இங்கே குறிப்பிட வேண்டும். தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் விரிந்து நிற்கும், மைல் கணக்கில் இனிஷியல் மட்டும் இருக்கும். இரண்டும் பொருந்தாததால் மைல் ஏறாமல் போகிறது. விடுபட்ட மைலைக் கேட்டுப் பெறுவதற்குப் பல திட்டங்கள் ஆறு மாதமே தருகின்றன. அதற்குள் போர்டிங் பாஸ் எங்கே போயிருக்குமோ! தென்னிந்தியாவிலிருந்து இத்தனை காலம் விமானம் ஓட்டிய பிறகும் 'கடைசிப் பெயர்' என்ற கட்டத்தைக் கட்டாயமாக்கி வைத்திருப்பது, வாடிக்கையாளர் யார் என்று பாராத அலட்சியம்.

பிசினஸ் வகுப்பை ஆடம்பரமாக மட்டும் கருத வேண்டாம். மருமகளின் பிரசவத்துக்காகப் போகும் மூட்டுவலிக்காரத் தாய்க்கு, மகன் தன் மைலைக் கொடுத்துக் கேட்பது காலை நீட்டிக்கொள்ளக் கொஞ்சம் இடம்தான்.

பயணியைக் கீழ்வகுப்புக்கு இறக்குவதற்கு இந்தியாவில் விதி இருக்கிறது. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறைப்படுத்திய திருத்தத்தின்படி, விருப்பமின்றிக் கீழ்வகுப்பில் அமர்த்தப்பட்டவருக்கு, 1,500 முதல் 3,500 கிலோமீட்டர் வரையிலான சர்வதேசப் பயணத்தில், வரி உட்பட டிக்கெட் விலையில் 50 சதவீதம் திரும்பக் கிடைக்க வேண்டும். திருவனந்தபுரம்–துபாய் தூரம் இந்த வரம்புக்குள் வருகிறது. மைல் கொடுத்து மேலேறுவதற்கு இத்தகைய தெளிவு இல்லை. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2024 செப்டம்பரில் அந்நாட்டின் நான்கு பெரிய விமான நிறுவனங்களிடம் அவற்றின் மைல் திட்டங்களைப் பற்றி விளக்கம் கேட்டது. இங்கே அரசு கேட்கும்வரை நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை.

எனவே, டிக்கெட் விற்கும் இடத்திலேயே, அது இணையமானாலும் ஏஜென்சியானாலும், இந்தக் கட்டணத்துக்கு அப்கிரேடு உண்டா, உண்டென்றால் இன்று எத்தனை மைல், அதற்கு மேல் எவ்வளவு வரி என்ற விவரங்களைத் தமிழிலும் மலையாளத்திலும் காட்டுங்கள். லீவுக்கு மட்டும் வரும் பயணிகளுக்குக் காலாவதிக் கெடுவை ஐந்து ஆண்டுகளாக்குங்கள். பெயர் வேறுபாட்டைப் பாஸ்போர்ட் எண்ணைக் கொண்டு சரிபார்த்து மைலைச் சேருங்கள். இம்மூன்றில் முதலாவதற்குப் புதிய இருக்கையோ புதிய செலவோ பெரிதாகத் தேவையில்லை என்பதால், வரும் ஓணம், கிறிஸ்துமஸ் கூட்டத்துக்கு டிக்கெட் விற்பனை தொடங்கும் முன்பே அதைச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மார்த்தாண்டத்திலிருந்து உங்கள் பயணி ஒருவர்