அக்குளுக்கும் வந்தது அவமானம்

அன்புள்ள சுமதி,

உன் கடிதம் மேசை இழுப்பறையில் பல நாளாகக் கிடக்கிறது. உன் விளம்பரத்துக்குக் கிடைத்த விருதும் கையுமாக நீ நிற்கிற போட்டோவும் அதோடுதான் கிடக்கிறது. நான் பதில் போடாததற்குச் சோம்பல்தான் காரணம் என்று கல்யாணியிடம் சொன்னாயாம். சோம்பல் இல்லையடி, கோபம். அந்தச் சூட்டில் எழுதியிருந்தால் நாலே வரியில் முடித்திருப்பேன், நீயும் நாலு வரியில் திருப்பிக் கொடுத்திருப்பாய், அப்புறம் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்திருப்போம். வாளிச் சண்டைக்கு அப்புறம் விடுதியில் பட்டது போதாதா?

வழக்கமான சேதிகளை முதலில் முடித்துவிடுகிறேன். இவர் சௌக்கியம், முழங்கால் வலி தவிர. மூர்த்தி சாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்த கையோடு என் கையெழுத்தைக் குறை சொன்னார், ஆகவே பார்வைக்கு ஒரு குறைவும் இல்லை. 'அரைப்பக்கம்' தலைமையாசிரியை ஆகிவிட்டாள். சுற்றறிக்கையாவது முழுப் பக்கத்துக்கு எழுதுகிறாளா என்று யாராவது விசாரிக்க வேண்டும்.

இப்போது யாழினி விஷயம். போன வாரம் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது, ஹோம்வொர்க் பற்றிக் கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டாள்: "அம்மா, என் அக்குள் ரொம்பக் கறுப்பா இருக்கா?" பன்னிரண்டு வயதுடி அவளுக்கு. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. மடிகிற இடம், உரசுகிற இடம், முட்டி, முழங்கை எல்லாமே கொஞ்சம் கறுத்துத்தான் இருக்கும் என்றேன். முழங்கையை யாரும் பார்க்க மாட்டார்களாம், அக்குள்தான் 'அசிங்கமாம்'. வகுப்பில் பதில் தெரிந்தாலும் கையைப் பாதிக்கு மேல் தூக்குவதில்லையாம், அவளும் அவள் பக்கத்தில் உட்காருகிற பெண்ணும். அதற்கென்று ஒரு ரோல்-ஆன் இருக்கிறது, வாங்கித் தருவாயா என்று கேட்டாள்.

எங்கே பார்த்தாய் என்றேன். போனில் எடுத்துக் காட்டினாள். இருபது விநாடிகூட இராது. ஒரு பெண், அழகான பெண், ஏதோ கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறாள். கேள்வி கேட்கிறார்கள், அவளுக்குப் பதில் தெரியும். கை மேலே போகிறது, பாதியில் நிற்கிறது, கேமரா அக்குளை நோக்கி நகர்கிறது, அவள் கையை இறக்கிவிடுகிறாள். பின்னணியில் சோக இசை, யாரோ செத்துப்போன மாதிரி. அடுத்து ஒரு தோழி (உங்கள் ஆட்கள் எழுதுகிற தோழிகள் மட்டும் ஏனடி எப்போதும் கைப்பையில் சரக்கோடு வருகிறார்கள்?) குப்பியை நீட்டுகிறாள். கடைசியில் நம் நாயகி இரண்டு கையையும் தூக்கி ஆடுகிறாள். கேட்ட கேள்விக்கு என்ன பதில் என்று மட்டும் கடைசி வரை சொல்லவில்லை.

அந்தப் பெண் முழுக்க உடுத்தியிருந்தாள், அதைக் கவனி. ஆபாசம் என்று யாரும் புகார் கொடுக்க முடியாது. தாத்தா பாட்டியோடு உட்கார்ந்து பார்க்கலாம். ஆனால் அதைப் பார்த்த என் பெண்ணின் கை பாதியில் நின்றுவிட்டது.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. இந்த அக்குள் கதை எங்கே தொடங்கியது என்று தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். உன் தொழில்காரர்களின் குலவரலாறு, உனக்கே தெரிந்திருக்கலாம். தெரிந்திருந்தால் இவ்வளவு காலம் எனக்குச் சொல்லாததற்குத் தனியாகச் சண்டை போடுகிறேன்.

அமெரிக்காவில் சின்சினாட்டி என்ற ஊரில் ஒரு மருத்துவர். அறுவை செய்யும்போது கை வியர்க்காமல் இருக்க ஒரு மருந்து தயாரித்தார். அவருடைய மகள் எட்னா மர்ஃபி அதை அக்குளுக்குப் போட்டுப் பார்த்துவிட்டு 'ஓடோரோனோ' என்று பெயர் வைத்து விற்கக் கிளம்பினார். ஓரளவுக்குத்தான் விற்றது. ஜே. வால்டர் தாம்ஸன் என்ற விளம்பர ஏஜென்சியில் ஜேம்ஸ் யங் என்ற விளம்பர எழுத்தாளர் இதை விற்றுத் தருகிற பொறுப்பை எடுத்துக்கொண்டார். பெண்களிடம் கேட்டுப் பார்த்தபோது, இப்படி ஒரு சரக்கு இருப்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் மூன்றில் இரண்டு பங்குப் பேர் 'எங்களுக்கு அது தேவைப்படவில்லை' என்றார்கள்.

சாதாரண வியாபாரி இந்த இடத்தில் கடையைக் கட்டியிருப்பான். யங் என்ன செய்தார் தெரியுமா? 1919-இல் 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' பத்திரிகையில் ஒரு விளம்பரம் எழுதினார். அதன் சாரம் இதுதான்: உன்மேல் வாடை அடிக்கிறது, உனக்கு அது தெரியாது, தெரிந்தவர்கள் உன்னிடம் சொல்ல மாட்டார்கள், உன்னைத் தேடி வரவேண்டிய ஆண் அதனாலேயே ஒதுங்கிப் போகிறான். சுமார் 200 வாசகர்கள் கொதித்துப்போய்ச் சந்தாவை நிறுத்தினார்கள். யங்குக்குத் தெரிந்த பெண்கள் சிலர், இனி உன்னோடு பேச்சே கிடையாது என்றார்களாம். விற்பனையோ ஒரே ஆண்டில் 112 சதவீதம் ஏறியது.

அந்தப் பெண்கள் மாதிரி நான் உன்னோடு பேச்சை நிறுத்தவில்லை பார், எழுதிக்கொண்டுதானே இருக்கிறேன்.

சிரித்து முடித்துவிட்டாயா? அந்தச் சூத்திரத்தை இன்னொரு தரம் படி. 'உனக்குத் தெரியாது, மற்றவர்களுக்குத் தெரியும்.' இதற்கு எதிர்வாதமே கிடையாது. எனக்கு ஒன்றுமில்லை என்று நீ நினைத்தால் அதுவே நோயின் அறிகுறி என்று சொல்லிவிடலாம். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. வாடை போய் முடி வந்தது, முடி போய் நிறம் வந்தது என்று நான் நினைத்தேன். அதுவும் தப்பு, முடி அதற்கு முன்னாலேயே வந்துவிட்டதாம். கையில்லாத கவுன்கள் வந்த சமயம், 1915-இலேயே ஜில்லெட் பெண்களுக்கென்று தனி ரேசர் இறக்கிவிட்டது. ஆக, கைக்கும் விலாவுக்கும் நடுவே இருக்கிற ஒரு சாண் இடத்திலேயே மூன்று குறை. மிச்ச உடம்பைக் கணக்குப் போட எனக்குத் தெம்பில்லை.

உன் விருதுக்கு வருகிறேன். 'எங்கள் விளம்பரத்தில் பெண்ணை அரைகுறையாக நிறுத்தவில்லை, விமானம் ஓட்ட வைத்திருக்கிறோம்' என்று பெருமையாக எழுதியிருந்தாய். பார்த்தேன். நன்றாகத்தான் எடுத்திருக்கிறீர்கள், அந்த மழைக் காட்சி பிரமாதம். ஆனால் விமானம் ஓட்டுகிறவளுக்கு முகம் எதற்கடி அப்படிப் பளபளக்க வேண்டும்? ஓடுபாதைக்கு விளக்குப் போடவா? அவள் காக்பிட்டில் உட்காருவதற்கு முன்னால் கண்ணாடியில் முகத்தைப் பார்க்கிறாளே, அந்த ஒரு ஷாட்டைத் தூக்கிவிட்டால் உன் கிளையன்ட் காசு கொடுத்திருப்பானா? மாட்டான். முழு விளம்பரமும் அந்த ஒரு ஷாட்டுக்காகத்தான். விமானம் சும்மா துணைக்கு வந்தது.

இதிலும் உனக்கு முன்னோடி உண்டு. 1929 ஈஸ்டர் ஞாயிறன்று நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூ ஊர்வலத்தில் சில இளம்பெண்கள் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு நடந்தார்கள். சுதந்திரத்தின் தீப்பந்தம் என்று பத்திரிகைகள் எழுதின. ஏற்பாடு செய்தவர் எட்வர்ட் பெர்னேஸ், அவருக்குப் பணம் கொடுத்தது ஒரு சிகரெட் கம்பெனி. பெண் பொது இடத்தில் புகைத்தால் முகம் சுளிக்கிற காலம் அது, அந்தத் தடையை உடைத்தால் சந்தை இரட்டிப்பாகும் என்பதுதான் கணக்கு. நம் விடுதலையையும் நம் நுரையீரலையும் ஒரே பெட்டியில் அடைத்து விற்றிருக்கிறார்கள். பெண்ணை இழிவாகக் காட்டினால் நமக்குக் கோபம் வருகிறது. உயர்த்திக் காட்டினால் பையில் என்ன போடுகிறான் என்று பார்ப்பதில்லை.

நீ சொல்வாய், சட்டம் இருக்கிறதே என்று. இருக்கிறது. பெண்களை ஆபாசமாகவும் இழிவாகவும் சித்திரிப்பதைத் தடுக்க நம் நாட்டில் 1986-இலேயே சட்டம் வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு எல்லாரும் துணியைத்தான் அளக்கிறார்கள். எத்தனை அங்குலம் தெரிகிறது என்று பார்க்கத் தெரிந்த நமக்கு, எத்தனை அங்குலம் கூனிப்போகிறாள் என்று பார்க்கத் தெரியவில்லை. 2022 ஜூனில் அந்த வாசனைத் திரவிய விளம்பரம் ஞாபகம் இருக்கிறதா? கடையில் தனியாக நிற்கிற பெண், பின்னால் நாலு ஆண்கள், இரட்டை அர்த்தத்தில் ஒரு வசனம். கூட்டு வன்முறையை ஜோக்காக்கிய அந்த ஒன்றை மத்திய அரசே தலையிட்டு எடுக்கச் சொன்னது. அதுவும் ஊரே கத்திய பிறகு. அந்த வசனத்தை ஒருவர் எழுதி, இன்னொருவர் படித்து, கிளையன்ட் தலையாட்டி, நடிகர் தேர்வு நடந்து, எடிட் முடிந்து வெளியே வந்திருக்கிறது. இத்தனை மேசைகளில் ஒரு மேசையில்கூட ஒருத்தரும் 'என்னடா இது' என்று கேட்கவில்லையா? உன்னிடம் நிஜமாகவே கேட்கிறேன், உள்ளே இருக்கிறவள் நீ. கேட்டால் வேலை போய்விடுமா, அல்லது கேட்கவே தோன்றாதா?

நிறத்துக்கு வந்தால் எனக்கு எழுத்து நிற்காது. ஃபேர் அண்ட் லவ்லி 1975-இல் வந்தது. கறுப்பாக இருந்தால் வேலை கிடைக்காது, மாப்பிள்ளை கிடைக்காது, தடவினால் இரண்டும் கிடைக்கும் என்கிற கதையைத் தலைமுறை தலைமுறையாக ஓட்டினார்கள். கறுத்த நிறத்தவர்களைத் தோற்றவர்களாக, துயரப்படுகிறவர்களாகக் காட்டக் கூடாது என்று விளம்பரத் தர மன்றம் விதி எழுதியதே 2014-இல்தான். 2020-இல் பெயரை 'க்ளோ அண்ட் லவ்லி' என்று மாற்றிக்கொண்டார்கள். இதில் எனக்குப் பிடித்த நகைச்சுவை வேறு. அந்தக் க்ரீமை விற்கிற அதே யூனிலீவர் கம்பெனியின் இன்னொரு தயாரிப்பான டவ், 2004-இலிருந்து எல்லாப் பெண்களும் அழகுதான் என்று உலகம் பூராவும் பிரச்சாரம் செய்துகொண்டிருந்தது. ஒரு கையால் கிள்ளி, இன்னொரு கையால் தொட்டிலை ஆட்டுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் யாராவது சொல்லட்டும். 2017-இல் டவ்வே வழுக்கியது: ஒரு கறுப்பினப் பெண் சட்டையைக் கழற்றினால் உள்ளிருந்து வெள்ளைப் பெண் வருகிற மாதிரி ஒரு துண்டு விளம்பரம் போட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டது.

நம் அறையில் ஒரே ட்யூபை மூன்று பேர் பிதுக்கிப் பிதுக்கித் தடவினோமே, மூன்று பேரும் அதே நிறத்தில்தான் பட்டம் வாங்கினோம். அந்தக் குரூப் போட்டோவை யாழினியிடம் காட்டினேன். அவள் நிறத்தைக் கவனிக்கவே இல்லை, உன் கண்ணாடியைப் பார்த்துத்தான் விழுந்து விழுந்து சிரித்தாள். மன்னித்துக்கொள்.

வெளிநாட்டில் கொஞ்சம் யோசிக்கிறார்கள் போலிருக்கிறது. 2017-லிருந்து ஃபிரான்ஸில், மாடலின் உடம்பை ஒல்லியாகவோ பருமனாகவோ திருத்தின படம் என்றால் திருத்தியது என்று அதிலேயே எழுத வேண்டும். 2022-லிருந்து நார்வேயிலும் அதுபோல, இன்ஸ்டாகிராமில் காசு வாங்கிக்கொண்டு போஸ்ட் போடுகிறவர்களுக்கும் சேர்த்து. பிரிட்டனில் 2019-இல் ஆண்-பெண் பற்றிய தேய்ந்த சித்திரிப்புகளுக்குத் தடை வந்தது. முதலில் மாட்டிய இரண்டில் ஒன்று கார் விளம்பரம்: ஆண்கள் விண்வெளியில் மிதக்கிறார்கள், பெண் தள்ளுவண்டிப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இன்னொன்று சீஸ் விளம்பரம், அதில் கிண்டலுக்கு ஆளானவர்கள் அப்பாக்கள். தின்கிற கவனத்தில் குழந்தையை உணவு நகரும் பெல்ட்டில் விட்டுவிடுகிறார்கள். இவர் அதைக் கேட்டுவிட்டு 'எங்களுக்கும் நியாயம் கிடைக்கிறதே' என்றார். அந்த வாக்கியம் முடிவதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. யார் பொறுப்பில் இருந்த பால் என்று நான் எழுதப்போவதில்லை.

நானும் யாழினியும் இப்போது ஒரு விளையாட்டு கண்டுபிடித்திருக்கிறோம். எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் எழுபதுகளில் கவனித்துச் சொன்னதிலிருந்து எடுத்தது. விளம்பரத்தில் ஆண் பொருளை இறுகப் பிடிப்பான், பெண் அதை விரல் நுனியால் வருடுவாள். அவன் நேராக நிற்பான், அவள் தலையைச் சாய்த்திருப்பாள், ஒரு முழங்கால் மடங்கியிருக்கும், சாய்ந்தோ படுத்தோ கிடப்பாள். பத்திரிகையில் ஒரு பக்கத்தைப் பிரித்து, பெண் நிற்கிற மாதிரி இவரை நிற்க வைக்கிறோம். ஒரு கால் மடக்கி, கழுத்தைச் சாய்த்து, வாயை லேசாகத் திறந்து, மிக்ஸியை ஒற்றை விரலால் தடவ வேண்டும். முழங்கால் வலியோடு இவர் நின்றதைப் பார்க்க நீ இங்கே இருந்திருக்க வேண்டும். யாழினி சிரித்து முடித்துவிட்டு, "இப்படி நின்னா மிக்ஸிய எப்படிம்மா தூக்க முடியும்?" என்றாள்.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். ரோல்-ஆன் வாங்கித் தரவில்லை, அவளும் திரும்பக் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நாமும் அந்த ட்யூபை வீட்டில் சொல்லிவிட்டா வாங்கினோம்?

அடுத்து, குழந்தைகளுக்கான ஸ்கின்கேர் விளம்பர வேலை உங்கள் ஏஜென்சிக்கு வரப்போகிறது, நீதான் கிளையன்டிடம் போய் பிட்ச் பண்ணப்போகிறாய் என்று கடைசிப் பத்தியில் எழுதியிருந்தாயே. வேலையை விடு என்று சொல்ல நான் யார், வீட்டுக்கடன் யாருடையது என்று எனக்குத் தெரியும். கிளையன்ட் எழுதிக் கொடுத்த பிரீஃபில் டார்கெட் வயது என்று எத்தனை போட்டிருக்கிறார்கள்? தோலில் என்ன குறை என்று எழுதியிருக்கிறார்கள்? இந்த இரண்டையும் மட்டும் மழுப்பாமல் எழுது. கல்யாணி மூலமாகச் சொல்லி அனுப்பாதே, அவள் பாதியை முழுங்கிவிடுவாள்.

உன்,
வசந்தி