கழுத்துப் பட்டி அலுமாரிக்குள் இருக்கிறது

மகன்,

என் கழுத்து நோவுக்கென்று நீ ஆள் மூலம் அனுப்பிய கழுத்துப் பட்டி வந்து சேர்ந்தது. கோவிக்காதே, அதை அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். நாள் முழுக்க மாட்டிக்கொண்டு திரிந்தால் தசை பலம் குறைந்து இறுக்கம் கூடத்தான் செய்யும் என்று ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித்தருகிற பிள்ளை சொன்னாள்.

எக்ஸ்ரேயைப் பார்த்து நீ பயந்துவிட்டாய். கழுத்தெலும்புகளுக்கு இடையில் இருக்கும் சவ்வு வயது போகக் காய்ந்து மெலியும், ஓரத்தில் எலும்பு கொஞ்சம் முளைக்கும். என் வயதில் நோவே இல்லாதவர்களை எடுத்துப் பார்த்தாலும் முக்கால்வாசிப் பேருக்கு இதுதான் தெரியுமாம். தேய்ந்தது தேய்ந்ததுதான். இறுக்கத்தைத்தான் பார்க்க வேண்டும்.

விடிய எழும்பும்போதுதான் மோசம். கல்லுப்பைச் சட்டியில் வறுத்துத் துணியில் கட்டி, மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, பிடரியிலும் தோளிலும் ஒரு 15 நிமிடம் ஒத்தணம் பிடிக்கிறேன். சித்தாலேப தைலம் பூசிய இடத்தில் மட்டும் சூடு வைக்கக் கூடாது, தோல் வெந்துவிடும். இளகினதும் கதிரையில் நிமிர்ந்திருந்து, மெதுவாக வலப்பக்கம் திரும்பி, இழுக்கிற இடத்தில் கொஞ்சம் நின்று, பிறகு இடப்பக்கம். அப்புறம் காதைத் தோள் பக்கம் சாய்ப்பது, நாடியை உள்ளே இழுப்பது. தலையைச் சக்கரம் மாதிரிச் சுற்றுவதில்லை.

உன் அப்பாதான் சொல்லுக் கேளாத மனிசன். சலூனுக்குப் போனால் கழுத்தைச் சடக்கென்று முறித்துவிட்டுத்தான் வருவார். மூளைக்கு இரத்தம் கொண்டுபோகிற குழாய் கிழிந்தால் பாரிசவாதம்தான், நீயாவது எடுத்துச் சொல்லு.

தலையணை ஒன்றுதான், அதுவும் பதிவானது. தேங்காய் திருவ அப்பாவை இருத்திவிட்டேன், திருவலையில் குனிந்தால் அன்றைக்கு முழுக்க நோவு. போனையும் அலுமாரித் தட்டில் கண் உயரத்துக்கு வைத்துத்தான் உன்னோடு கதைக்கிறேன், அதனால்தான் எனக்குப் பின்னால் எப்போதும் உடுப்புக் கொடி தெரிகிறது. நோவு தாங்காவிட்டால் பனடோல், 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் கூடாது. எனக்குப் பிரசர் இருப்பதால் மற்ற நோவுக் குளிசைகளைக் கேட்காமல் போடுவதில்லை.

கை விறைத்துச் சட்டைப் பொத்தான் பூட்ட முடியாமல் போனாலோ, நடை தள்ளாடினாலோ, சலம் அடக்க முடியாமல் போனாலோ அன்றே பெரியாஸ்பத்திரிக்குப் போவேன், உன்னிடம் மறைக்க மாட்டேன்.

நீயும் கட்டிலில் படுத்துக்கொண்டு லப்டொப் பார்க்கிறதை விடு. அடுத்த முறை ஆள் வந்தால் பட்டியைத் திருப்பித் தந்துவிடவா?

அம்மா
ஆரையம்பதி