ஏறின கியரிலேயே இறங்கணும்

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ பேசினதுக்கு நான் அப்போது பதில் சொல்லவில்லை. "ஒரு வருஷம் போனது போதும்மா, மறுபடியும் அந்த மலை ரோட்டுக்குப் போகாதே" என்று சொல்லும்போது உன் குரல் தழுதழுத்தது. எங்கேயோ பஸ் கவிழ்ந்த வீடியோவைப் பார்த்துவிட்டு ராத்திரியெல்லாம் தூங்கவில்லை என்றாய். லண்டனில் உட்கார்ந்துகொண்டு அம்மாவை நினைத்து நீ இப்படிக் கிடந்து தவிப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. தப்பு என் மேலும் உண்டு. போன கோடை முழுக்க உன்னிடம் கரடியைப் பார்த்தேன், பனியைப் பார்த்தேன் என்றுதான் சொன்னேனே தவிர, அலாஸ்காவில் சுற்றுலா பஸ் ஓட்டுகிற என் வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் பேசு.

ஸ்காக்வே என்பது அலாஸ்காவின் தென்கிழக்கு ஓரத்தில், கடல் இரண்டு மலைத்தொடருக்கு நடுவே நீளமாக உள்ளே போய் முட்டி நிற்கிற இடத்தில் இருக்கிற குட்டி ஊர். நிரந்தரமாக இருப்பவர்கள் சுமார் 1,200 பேர்தான். ஒரு கோடையில் கப்பலில் வந்து இறங்கும் கூட்டம் பத்து லட்சத்தைத் தாண்டும். காலையில் எழுந்து பார்த்தால் தெருக்கோடியில் பத்து மாடி வீடு போலக் கப்பல் நிற்கும், சாயங்காலம் அது இருந்த இடத்தில் வெறும் தண்ணீர். அந்த ஒரு பகலுக்குள் அவர்களை மலை மேலே கூட்டிப்போய்க் காட்டிவிட்டுப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து விடுவதுதான் என் வேலை. நியூஜெர்சியில் 11 வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டின லைசென்ஸ் கையில் இருந்ததால் அவர்கள் உடனே எடுத்துக்கொண்டார்கள். ஏப்ரல் கடைசியில் போனேன், மூன்று வாரம் காலி பஸ்ஸில் ஏறி இறங்கிப் பயிற்சி. அதற்குப் பிறகுதான் ஆள் ஏற்ற விட்டார்கள்.

ரோடு எப்படி என்று கேட்டாய். கிளாண்டைக் நெடுஞ்சாலை என்று பெயர். கடல் மட்டத்தில் ஆரம்பித்துச் சுமார் 14 மைலில் 3,292 அடி ஏறுகிறது. சில இடத்தில் சரிவு 11 சதவீதம், அதாவது நூறு அடி போனால் பதினோரு அடி ஏற்றம். வளைவுகள் நம்ம குன்னூர் ரோடு மாதிரி இல்லை, கொண்டை ஊசி கிடையாது. ஆனால் அதுதான் ஆபத்தே. வளைவு அதிகம் இருந்தால் வண்டி தானாகவே அடங்கி வரும், இது நீளமாக ஒரே இறக்கமாக இழுத்துக்கொண்டு போகும். பிரேக் போன லாரி ஏறி நிற்பதற்கென்றே ஓர் இடத்தில் ஓரமாக மேட்டுப்பாதை போட்டு வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்.

அதனால் தினமும் காலையில், ஒருத்தரும் ஏறுவதற்கு முன்னால், நான் ஏர் பிரேக்கைச் சோதிப்பேன். காற்று முழுசாக ஏறினதும் என்ஜினை நிறுத்திவிட்டு, பிரேக் பெடலை அழுத்தினபடியே ஒரு நிமிஷம் காற்றழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். ஒரு நிமிஷத்தில் 3 பவுண்டுக்கு மேல் அழுத்தம் இறங்கினால் அந்த பஸ் அன்றைக்கு வெளியே போகக் கூடாது. அப்புறம் பெடலை விட்டு விட்டு மிதித்துக் காற்றை வெளியேற்றினால் 60 பவுண்டுக்குக் கீழே போவதற்குள் எச்சரிக்கை மணி அலற வேண்டும். யாரும் இல்லாத பஸ்ஸில், மழை கூரையில் தட்டிக்கொண்டிருக்க, அந்த முள் அசையாமல் நிற்பதைப் பார்ப்பது எனக்குச் சாமி கும்பிடுகிற மாதிரி. ஒரு நாளும் அதைச் செய்யாமல் கிளம்பினதில்லை.

இறங்கும்போது என்ன செய்வேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உன் அப்புச்சி, என் அப்பா, மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு சேரன் பஸ் ஓட்டினவர், அது உனக்குத் தெரியும். சின்ன வயசில் லீவு நாளில் அவர் சீட்டுக்குப் பின்னால் என்னை உட்காரவைத்துக் கூட்டிப்போவார். "ஏறின கியரிலேயே இறங்கணும் கண்ணு, வேகம் புடிச்சதுக்கப்புறம் கியரைத் தேடினா கிடைக்காது" என்பார். அமெரிக்காவில் பாடப் புத்தகத்திலும் பழைய வண்டிகளுக்கு அதையேதான் எழுதியிருக்கிறார்கள், இப்போதைய வண்டிகளுக்கு ஏறின கியரைவிடவும் குறைந்த கியரில் இறங்கணும் என்கிறார்கள். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்து, என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி விட வேண்டும். பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் சூட்டில் டிரம் விரிந்து, அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. முப்பது மைல் வேகம்தான் பத்திரம் என்றால், முப்பதைத் தொட்டதும் ஓர் அழுத்து, இருபத்தைந்துக்கு வந்ததும் விட்டுவிடு, திரும்ப முப்பது, திரும்ப ஓர் அழுத்து. உச்சியிலிருந்து கீழே வரை இது ஒன்றுதான் வேலை. இதற்கு வயசு தடையில்லை, பொறுமைதான் வேண்டும், அது 54 வயசில் எனக்கு முன்னைவிட நிறையவே இருக்கிறது.

ஒரு நாள் மட்டும் உண்மையிலேயே பயந்தேன். உங்கப்பாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

மலையைத் தாண்டினால் கனடா. ஃப்ரேஸர் என்ற எல்லைச் சாவடியில் பாஸ்போர்ட் பார்த்துவிட்டு அனுப்புவார்கள், அங்கிருந்து யூகான் எல்லைக்குள் கார்கிராஸ் என்ற ஊர் வரை போவோம். யூகான் கடிகாரம் கோடையில் அலாஸ்காவைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். ஜூன் முதல் வாரம் அது. கார்கிராஸில் இறக்கிவிட்டு, அங்கே கடையில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்து "ஒன்று பத்துக்கு பஸ்ஸுக்கு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டேன். எல்லாருடைய போனும் தானாக மாறிவிட்டது. ஒரு வயசான தம்பதி மட்டும் கைக்கடிகாரம் கட்டியிருந்தார்கள், அது கப்பல் நேரத்தில் பதினொன்றரை காட்டியது. அவர்கள் கணக்கில் இன்னும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருக்கிறதே! ஒன்றே கால் ஆச்சு, ஒன்றரை ஆச்சு, ஆளைக் காணோம். எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. ஓடித் தேடினேன். பென்னட் ஏரிக் கரை மணலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை எழுப்பவே மனசு வரவில்லை. என் தப்புதான் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன், அந்தப் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தார்.

முப்பத்தைந்து நிமிஷம் போய்விட்டது. கப்பலில் ஏற வேண்டிய கடைசி நேரம் அலாஸ்கா மணிக்கு மூன்றரை. உச்சிக்கு வரும்போது மூடுபனி, முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு தவிர ஒன்றும் தெரியவில்லை. கீழே அமெரிக்கச் சுங்கச் சாவடியில் வேறு வரிசை நிற்கும். முன் சீட்டில் இருந்த ஒருவர், கொஞ்சம் வேகமாகப் போகக் கூடாதா என்று இரண்டு தடவை கேட்டார். அந்தக் கேள்விக்கு என் கால் தானாக ஆக்ஸிலரேட்டரில் இறங்கப் பார்த்தது, கண்ணு. அப்போது அப்புச்சியின் பீடி வாசம்கூட எனக்கு வந்தது. கியரைக் குறைத்தேன், மைக்கில் சொன்னேன்: "கப்பல் போனால் அடுத்த துறைமுகத்தில் பிடிக்கலாம், இந்த மலையில் நான் இந்த வேகத்தில்தான் இறங்குவேன்." பஸ்ஸில் ஒரு சத்தம் இல்லை. அதே முப்பது, இருபத்தைந்து, முப்பது, இருபத்தைந்து. மூன்று இருபத்தொன்றுக்குத் துறைமுகத்தில் நின்றேன். எல்லாரும் இறங்கின பிறகு ஸ்டியரிங்கில் தலை வைத்துக் கொஞ்ச நேரம் அழுதேன். மேலாளர் கூப்பிட்டுக் கண்டித்தார், கண்டிக்க வேண்டியதுதான். அன்றையிலிருந்து யாருக்கும் மணி சொல்வதில்லை. பஸ் கதவில் பெரிய கடிகாரம் ஒன்றை அலாஸ்கா நேரத்துக்கு மாட்டிவைத்து, "நாற்பது நிமிஷம், இந்த முள் இங்கே வரும்போது" என்று விரலால் தொட்டுக் காட்டுவேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்கூல் பஸ்ஸில் 11 வருஷம், "உட்காரு", "பையை எடு" தவிர நான் பேசினதே கிடையாது. அங்கே காதில் மைக் மாட்டிக்கொண்டு மலை ஏறும் நேரம் முழுக்கக் கதை சொல்ல வேண்டும். என் இங்கிலீஷைக் கேட்டு முகம் சுளிப்பார்களோ என்று முதல் வாரம் தொண்டை வறண்டுபோகும். அப்புறம் கதையே என்னை இழுத்துக்கொண்டது. 1896 ஆகஸ்டில் கனடாவின் கிளாண்டைக் பகுதியில் தங்கம் கிடைத்த செய்தி பரவியதும் சுமார் ஒரு லட்சம் பேர் கிளம்பினார்கள், அதில் போய்ச் சேர்ந்தவர்கள் முப்பது நாற்பதாயிரம் பேர்தான். ஆளுக்கு ஒரு டன் சாமான் இருந்தால்தான் கனடா போலீஸ் எல்லையைத் தாண்ட விடும். அந்தச் சுமையை ஏற்றி, அவசரத்தில் அடித்து விரட்டி, இந்த மலையைத் தாண்டிப் போகிற ஒயிட் பாஸ் பாதையில் மட்டும் சுமார் 3,000 குதிரைகளைச் சாகடித்தார்கள். பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கம் அந்த இடம் வரும்போது நான் பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டு, என்ஜினை அணைத்துவிட்டுத்தான் சொல்வேன். தங்கத்தைக் கண்டுபிடித்ததில் பங்குள்ள தாகிஷ் என்ற பூர்வகுடி இனத்து கெய்ஷையும் அவர் அக்கா தங்கை வழி உறவினர்களையும் நிறைய பேருக்குத் தெரியாது. கெய்ஷ் கார்கிராஸ் மயானத்தில்தான் புதைக்கப்பட்டிருக்கிறார். அந்தப் பெயரைச் சரியாக உச்சரிக்க அங்கிருந்த ஒரு பெரியம்மாவிடம் கேட்டுக் கேட்டுப் பழகினேன்.

அப்புறம் அந்த ரயில். ஒயிட் பாஸ் ரயிலின் தண்டவாளம் மலை உச்சியைத் தொட்டது 1899 பிப்ரவரியில். அதே 1899 ஜூனில்தான் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் ஓடத் தொடங்கியது. இதை முதன்முதலில் ஒப்பிட்டுப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த ரயில் எதிர்மலையில் கூவிக்கொண்டு ஏறும்போதெல்லாம் நான் பஸ்ஸில் இருப்பவர்களிடம் எங்கள் ஊர் ரயிலைப் பற்றியும் சொல்வேன்.

கஷ்டம் இல்லாமல் இல்லை. தங்குமிடம் சுமார்தான், நாலு பேருக்கு ஒரு குளியலறை, ஜன்னல் ஓரம் தண்ணீர் ஒழுகியது, சரிசெய்யச் சொல்லிச் சொல்லி ஒரு மாசம் ஆனது. ஜூனில் ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம், ஜன்னலில் அலுமினியத் தாள் ஒட்டித்தான் தூங்கினேன். காய்கறி வாரத்துக்கு ஒரு முறை சரக்குப் படகில்தான் வரும், விலையைக் கேட்டால் வயிறு எரியும். இங்கிருந்து எடுத்துப்போன காய்ந்த கறிவேப்பிலையைப் போட்டு ரசம் வைத்தால் பக்கத்து அறைப் பெண்கள் தட்டோடு வந்து நிற்பார்கள்.

இந்த ஏப்ரலில் மறுபடியும் போகிறேன், கண்ணு. உங்கப்பா சம்மதித்துவிட்டார். டாக்டர் சர்டிபிகேட்டும் வாங்கியாயிற்று, பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது. நீ ஜூலையில் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வா. என் பஸ்ஸிலேயே, எனக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார். இறங்கும்போது ஒரு வார்த்தை பேசாமல் என் காலை மட்டும் பார்த்துக்கொண்டு வா. அதற்குப் பிறகும் போகாதே என்று சொன்னால் நாம் உட்கார்ந்து பேசலாம்.

வரும்போது மழைக்கோட்டு எடுத்துக்கொள், பெருங்காயம் ஒரு டப்பா வாங்கி வா. பாஸ்போர்ட்டைப் பையில் அடியில் போடாமல் கைக்கு எட்டுகிற இடத்தில் வை. வாட்ச் கட்டினால் அலாஸ்கா நேரம் வை.

அம்மா