கேஷ் நம்ம காசுதானா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். இங்கிலீஷ் 'கேஷ்' நம்ம 'காசு'ல இருந்துதான் போச்சுன்னு பலரும் சொல்றாங்க, அதுல பாதிதான் சார் உண்மை. ரொக்கத்தைக் குறிக்கிற கேஷ், பணப்பெட்டின்னு அர்த்தமுள்ள பிரெஞ்சு, இத்தாலி வார்த்தையிலேர்ந்து வந்தது, கேஷியரும் அந்தக் குடும்பம்தான். ஆனா இன்னொரு கேஷ் இருக்கு, சின்ன செப்புக்காசோட பேரு, அதுதான் நம்ம காசு, போர்ச்சுகீசியர் வாய்வழியா இங்கிலீஷுக்குப் போயி, நடுவுல சதுர ஓட்டை போட்ட சீனக்காசுக்கும் அதே பேராயிடுச்சு. பழைய மெட்ராஸ் கணக்குல 80 காசு சேர்ந்தா 'பணம்'ங்கிற ஒரு நாணயம், 42 பணம் சேர்ந்தா 'வராகன்'ங்கிற ஒரு தங்க நாணயம். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் 1808ல அடிச்ச செப்புக்காசுல ஒரு பக்கம் அவன் சின்னம், மறுபக்கம் 'கேஷ்'னு இங்கிலீஷ்லயே பொறிச்சிருக்கும், பார்த்தா நமக்கே பெருமையா இருக்கும். மாணவர் பக்கத்துல ரெண்டு கேஷையும் தனித்தனியா விளக்கிப் போடுங்க சார்.

– ஒரு வாசகர், திருச்சி