‘சில’ வேறு, ‘சிலவே’ வேறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தண்டையார்பேட்டையில் மாலை வேளைகளில் மீனவர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அவர்கள் கையில் புழங்கும் வினா-விடைக் கையேடு ஒன்றில் ‘ஃபியூ’, ‘எ ஃபியூ’ ஆகிய இரண்டுக்கும் ‘சில’ என்று ஒரே பொருள் அச்சாகியிருப்பதைக் கண்டு வருந்தினேன். முன்னது, இல்லை என்றே சொல்லத்தக்க குறைவைக் காட்டுவது. பின்னது, கொஞ்சமாவது இருக்கிறது என்று சொல்வது. எண்ண முடியாத பொருளுக்கு வரும் ‘லிட்டில்’, ‘எ லிட்டில்’ ஆகியவற்றுக்கும் இதே வேறுபாடு உண்டு.

இந்த நுட்பம் நம் பிள்ளைகளுக்குப் புதிதன்று. காசிமேட்டில் ‘இன்று சில படகுகள் கரை திரும்பின’ என்றால் மீன் வந்திருக்கிறது என்று கொள்வார்கள். ‘சில படகுகளே திரும்பின’ என்றால் மீன் போதாது, விலை ஏறும் என்று அறிவார்கள். ‘படகுகளே’ என்பதன் ஈற்றில் நின்று ஒன்றைப் பிறவற்றிலிருந்து பிரித்துக் காட்டும், தொல்காப்பியம் பிரிநிலை என்று குறிக்கும் ஏகாரம் நமக்குக் காட்டும் குறைவை, ஆங்கிலத்தில் முன்னால் நிற்க வேண்டிய ‘எ’ நில்லாமையே காட்டிவிடுகிறது. இப்படி விளக்கிய அன்று, பல வாரங்களாகத் தடுமாறிய மாணவி ஒருத்தி பத்து வாக்கியங்களைப் பிழையின்றி எழுதினாள்.

விகுதிகளும் அப்படியே. ‘ஃபுல்’ என்னும் விகுதி ‘கேர்ஃபுல்’ என்பதில் கவனம் நிறைந்த தன்மையையும், ‘ஸ்பூன்ஃபுல்’ என்பதில் ஒரு கரண்டி அளவையும் சொல்கிறது; ‘கூடை நிறைய’ என்று அன்றாடம் பேசும் பிள்ளைக்கு இதை விளங்கவைக்க ஒரு நிமிடம் போதும். ‘பிரைஸ்லெஸ்’ மிக உயர்ந்ததையும் ‘வொர்த்லெஸ்’ ஒன்றுக்கும் உதவாததையும் குறிப்பது ஏன் என்று கேட்டவர்களிடம், ‘விலைமதிப்பற்ற’, ‘மதிப்பற்ற’ என்னும் நம் சொற்களையே அருகருகே எழுதிக் காட்டினேன். வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

எல்லா இடத்திலும் தமிழ் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ‘ரெட்டிஷ்’ என்பதற்கு ஒரு சிறுவன் ‘செக்கச்செவேல்’ என்று எழுதினான். நாம் நிறச்சொல்லை அடுக்கினால் நிறம் மிகும்; ‘இஷ்’ சேர்ந்தாலோ அது மங்கி வெறும் சாயலாகிவிடும். இத்தகைய இடங்களைத் தனியே எடுத்துச் சொல்வதுதான் ஆசிரியரின் வேலை.

ஆகவே கையேடு எழுதுவோர், விகுதிகளை வெறும் பட்டியலாக மனப்பாடத்துக்குத் தராமல், ஒவ்வொன்றுக்கும் ஈடான தமிழ் வழக்கை அருகில் தர வேண்டும் என்றும், ‘ஃபியூ’ என்பதற்குத் தந்துள்ள பொருளை அடுத்த பதிப்பிலேனும் திருத்த வேண்டும் என்றும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
தண்டையார்பேட்டை, சென்னை-81