பாடினீர்களா என்று கேட்டாயே

பசுமலை, மதுரை
7.11.2021

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் இன்லேண்டு லெட்டர் தீபாவளிக்கு முந்தின நாள் வந்து சேர்ந்தது. பேரன் படத்தையெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவன், விஷயம் என்று வந்தால் மட்டும் தபாலாபீசைத் தேடிப் போகிறாய். நல்லதுதான். ஆனால் மடிக்கிற ஓரத்தில் பொடி எழுத்தில் நீ கிறுக்கி வைத்ததைப் படிக்க மருமகளைக் கூப்பிட வேண்டியதாகிவிட்டது. உள்ளே முழுக்க சுகர், மூட்டுவலி, கோயம்புத்தூர்க் குளிர். கேட்க வேண்டிய கேள்வி ஓரத்தில் இருந்தது: "சர்ச் திறந்தாச்சாமே, பாடினீங்களா?"

பாடினோம். ஆனால் எங்கே, எப்படி என்று சொல்லாவிட்டால் உனக்கு ஒன்றும் விளங்காது. அதனால் பொறுமையாகப் படி.

முதலில் திறந்த கதை. கொரோனாவுக்காக ஏப்ரல் 26-இல் சாத்திய கதவை ஜூலை 5-இல் திறக்கலாம் என்றார்கள். நாலைந்து ஞாயிறு ஆராதனை நடந்திருக்கும். அதற்குள் ஆகஸ்டில் மறுபடி உத்தரவு: வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் பொதுமக்கள் வரக்கூடாது, மற்ற நாட்களில் வரலாம். புதன்கிழமை காலையில் வந்து நாம் என்ன செய்ய? ஆயர் மட்டும் கேமரா முன்னால் நின்று பிரசங்கம் பண்ணினார். எதிர்வீட்டு பாய் ஒருநாள் சொன்னார், "உங்களுக்கு ஞாயிறு போச்சு, எங்களுக்கு ஜும்மா போச்சு, பூக்காரம்மாவுக்கு வெள்ளிக்கிழமை வியாபாரம் போச்சு. ஒரே கல்லுல மூணு மாங்கா." மனுஷன் சிரிக்காமல் சொன்னார். அக்டோபர் 14 முதல் எல்லா நாளும் திறக்கலாம் என்றானதும், மறுநாள் விஜயதசமி, ஊரே மீனாட்சி கோயில் பக்கம் திரும்பியது. நமக்கு 17-ஆம் தேதி ஞாயிறு.

திறக்கலாம் என்றதும் ஓடிப்போய் உட்கார்ந்துவிடவில்லை, மாப்பிள்ளை. இந்த ஊருக்குப் பயம் முதலிலேயே வந்துவிட்டது. தமிழ்நாட்டில் முதல் கொரோனா மரணமே 2020 மார்ச் 25-இல் நம்ம பெரியாஸ்பத்திரியில்தானே நடந்தது. மற்ற ஊர்க்காரர்கள் டி.வி.யில் பார்த்ததை நாம் நம்ம ஊர் அண்ணாநகரில் பார்த்தோம். ரெண்டு வருஷமாக அழகர் ஆற்றில் இறங்கவில்லை. அழகரே வீட்டோடு இருக்கும்போது நமக்கென்ன அவசரம் என்று நம் சபைப் பாட்டி ஒருத்தி சொன்னாள். அது எந்த மார்க்கத்தின் நியாயம் என்று கேட்காதே. மதுரையின் நியாயம்.

சபையை நடத்துகிற சேகரக் கமிட்டி கூடியது. நான் செயலர். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வழிபாட்டுத் தலங்களுக்கு வராமல் வீட்டில் இருப்பது நல்லது என்பது ஆரம்பத்திலிருந்தே மத்திய அரசின் அறிவுரை. அந்த அறிவுரையை நோட்டீஸ் போர்டில் ஒட்டியது 67 வயதான நான். ஒட்டிவிட்டுத் திரும்பினால் பொருளாளர் நிற்கிறார், அவருக்கு 71. ரெண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

முதல் சண்டை ஜன்னலில். நினைவிருக்கிறதா, புறாத் தொல்லை தாங்காமல் 2015 வாக்கில் மேல் ஜன்னல்களை எல்லாம் ஆணி அடித்து மூடினோமே. அப்புறம் ஒரு பெரிய மனிதர், பேர் வேண்டாம், தன் தகப்பனார் நினைவாக நாலு ஏ.சி. மாட்டிக் கொடுத்தார். இப்போது காற்றோட்டம்தான் முக்கியம், மூடிய அறைக்குள் மூச்சுக்காற்று தேங்குவதுதான் ஆபத்து என்று தெரிந்த பிறகு, ஏ.சி.யை நிறுத்து, ஜன்னலைத் திற என்றேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. அப்பா பேர் எழுதிய மெஷினை அணைத்து வைத்தால் யாருக்குத்தான் வலிக்காது? ரெண்டு நாள் கழித்து அவரே ஆள் விட்டு ஆணிகளைப் பிடுங்கிக் கொடுத்தார். புறா மூன்றாம் நாள் வந்துவிட்டது. கம்பி வலை அடிக்கிற செலவும் அவருடையதே. வெள்ளைக்காரன் காலத்தில் அவ்வளவு உயரத்தில் ஜன்னல் வைத்தது ஏன் என்று இத்தனை வயதில் எனக்குப் புரிந்தது. காற்று வரும்போது பாதிப் பிரச்சினை தீர்ந்துபோகிறது.

இரண்டாவது சண்டைதான் பாட்டு. பாடகர் குழு நிற்கக்கூடாது என்று சொன்னது நான்.

நம்ப மாட்டாய். குழுவில் இருக்கிற பையன்களும் நம்பவில்லை. "நீங்களே இப்படிச் சொன்னா எப்படி அங்கிள்?" என்று இளசுகள் சுற்றி நின்றுகொண்டார்கள். நாற்பது வருஷம் அந்தப் படிக்கட்டில் நின்று பாடியவன் நான் என்பதால், நான் அவர்கள் பக்கம் பேசுவேன் என்று எதிர்பார்த்திருந்தார்கள். பதிவு செய்த பாட்டுகளைப் போடலாம், பாடகர் குழு வேண்டாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2020 ஜூனிலேயே சொன்னதுதான். ஆனால் விதியைக் காட்டி நான் பேசவில்லை. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்கேஜிட் என்கிற இடத்துப் பாடகர் குழு கதையைச் சொன்னேன். 2020 மார்ச் 10, செவ்வாய்க்கிழமை, பயிற்சிக்கு 61 பேர் வந்திருக்கிறார்கள். ரெண்டரை மணி நேரம் பாட்டு. ஒருவருக்குச் சளி மாதிரி இருந்திருக்கிறது. கடைசியில் 53 பேருக்கு நோய், அதில் 20 பேருக்குப் பரிசோதனை செய்யாமல் அறிகுறியை வைத்து முடிவு செய்தது. ரெண்டு பேர் போய்விட்டார்கள். பேசும்போது வருகிறதைவிடப் பாடும்போது நுண்துளிகள் அதிகமாக வெளியே வருகின்றன, அடி வயிற்றிலிருந்து எடுத்துப் பாடுகிறோம் அல்லவா. நமக்கு வாத்தியார் கற்றுக்கொடுத்த முறையே அதுதானே, "வயித்துல இருந்து எடு, தொண்டைல இருந்து எடுக்காதே" என்று.

பையன்கள் கொஞ்சம் அடங்கினார்கள். இருந்தாலும் ஒருத்தன், நம் குழுவில் பேஸ் என்கிற அடிக்குரல் பாடுகிறவர் மகன், "தடுப்பூசி போட்டாச்சே" என்றான். அவன் போட்டிருந்தான். அவன் அப்பா போடவில்லை. அந்த ஆள் ஞாயிற்றுக்கிழமை முகாம் நடந்தபோதெல்லாம் நழுவிக்கொண்டே இருந்தார். கேட்டால், ஞாயிறு கறி சாப்பிடுகிற நாள், கறி தின்ற உடம்பில் ஊசி ஏறாது என்கிறார். இதைக் கேட்டு நான் சிரித்தேன். ஆனால் அவர் மாதிரி தமிழ்நாடு பூராவும் ஆட்கள் இருந்திருக்க வேண்டும், அக்டோபர் 23-ஆம் தேதி முகாமை அரசாங்கமே சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டது. சனிக்கிழமை காலையில் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய் முதல் ஊசி போட வைத்தேன். வழியெல்லாம் புலம்பல். முடிந்ததும் மத்தியானம் அவர் வீட்டில் கறி.

வாசலில் ஊசி போட்ட சர்டிஃபிகேட் கேட்டு உள்ளே விடலாம் என்று ஒருவர் தீர்மானம் கொண்டுவந்தார். நான் எதிர்த்தேன். சர்ச் வாசலில் நின்று "நீ வா, நீ போ" என்று சொல்கிற வேலையை நம் தாத்தாக்கள் காலத்தில் சாதி பார்த்துச் செய்தவர்கள் உண்டு; வேறு பேரில் அது திரும்ப வரவேண்டாம். பாடுகிறவனுக்கு ரெண்டு ஊசி கட்டாயம், கேட்கிறவனுக்கு முகக்கவசம் கட்டாயம், அவ்வளவுதான். தீர்மானம் ஒரு ஓட்டில் தோற்றது. கொண்டுவந்தவர் இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. போகட்டும்.

சரி, 17-ஆம் தேதி. பெஞ்சு விட்டு பெஞ்சு டேப் ஒட்டினோம். வாசலில் காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கியோடு ஒரு கல்லூரிப் பெண். காணிக்கைப் பை சுற்றவில்லை, வாசலில் பெட்டி, பக்கத்தில் ஜிபே அட்டை. (சொல்லக்கூடாது, ஆனால் காணிக்கை கூடியிருக்கிறது. பைக்குள் கை விட்டுவிட்டு எடுத்தவர்களுக்கு எல்லாம் இப்போது வழியில்லை.) டேப்பைப் பார்த்துவிட்டு உட்காரச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? ஐம்பது வருஷமாக ஒரே இடத்தில் உட்கார்ந்தவர்கள். ஒரு அம்மா டேப்பை நகத்தால் உரித்துச் சுருட்டித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு, சொந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

முதல் பாட்டு வந்தது. விதிப்படி பதிவு செய்த பாட்டு. மைக் போடுகிற பையன் எதைப் போடப் போகிறான் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. தப்பு என்னுடையது. அவன் 2018 ஈஸ்டருக்கு நம் சர்ச்சிலேயே எடுத்த பதிவைப் போட்டுவிட்டான்.

ஆர்கன் வாசிப்பு நம்மவனுடையது, மாப்பிள்ளை. ஸ்பீக்கரில் முதலில் அவன் ஸ்டூலை இழுத்துப் போடுகிற கிரீச் சத்தம். அப்புறம் தொண்டையைச் செருமுகிறான். அப்புறம் வாசிக்கிறான். கடைசிச் சுரத்தை விடாமல் இழுப்பானே, நாம் மூச்சு முட்டி நிற்கும்வரைக்கும், அதே இழுப்பு. நாலாவது பெஞ்சில் அவன் மனைவி. அந்தம்மா அழவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, சரியாக வாசிக்கிறானா என்று பார்க்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். பதிவில் உன் டெனர் மேல்குரல் கேட்டது, என் குரலும் கேட்டது. நாங்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு எங்கள் பாட்டையே கேட்டுக்கொண்டு நின்றோம். பெண்கள் பக்கத்தில் யாரோ கவசத்துக்குள் முனகினார்கள். விதி போட்டவன் நான், திரும்பிப் பார்க்கவில்லை.

மே மாதம் கொரோனாவில் அவன் போனபோது உன்னை அடக்கத்துக்கு வரவேண்டாம் என்று சொன்னது நான்தான். பயணத்துக்கு இ-பதிவு கிடைத்திருக்கும், ஆனால் வந்தாலும் உள்ளே விட்டிருக்க மாட்டார்கள். 20 பேருக்கு மேல் கூடாது, அதிலும் கவச உடை போட்டவர்கள் பாதி. ஆயர் தூரத்தில் நின்று அஞ்சு நிமிஷத்தில் முடித்தார். ஊருக்கெல்லாம் அடக்கத்தில் வாசித்தவனுக்கு ஒரு பாட்டு இல்லை. போனில் உனக்கு இதை நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அதனால்தான் பாடக்கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்தேன் என்று சிலர் நினைக்கிறார்கள். இருக்கலாம். அவன் எங்கே வாங்கிக்கொண்டான் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஏப்ரல் 4 ஈஸ்டருக்குப் பாடினோமே, ஜன்னலெல்லாம் சாத்தி, ஏ.சி. போட்டு. அந்த வாரம் தேர்தல், ஊரெல்லாம் கூட்டம். அங்கேயும் வந்திருக்கலாம், கடையில் வந்திருக்கலாம். தேதியை எண்ணிப் பார்த்தால் ஈஸ்டரில் வந்ததாக இருக்காது என்று டாக்டர் சொன்னார். நான் இன்னும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்த 2-ஆம் தேதி கல்லறைத் திருநாள். சாயந்தரம் மழை விட்டுவிட்டு வந்தது. கல்லறைத் தோட்டத்துக்குக் கூரையும் இல்லை, சுவரும் இடுப்பளவு. வெட்டவெளி. பையன்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். ஒருத்தருக்கொருத்தர் ரெண்டு கல்லறை தள்ளி நின்றோம், ஆறடிக்குமேலே இருக்கும். சுருதி கொடுக்க ஆர்கன் இல்லை, நானே எடுத்தேன், மேலே எடுத்துவிட்டேன். இரண்டாவது சரணத்தில் உச்சஸ்தாயிக்கு யாராலும் ஏற முடியவில்லை, எல்லோரும் அங்கங்கே விழுந்தோம். டெனரில் ஆளே இல்லை. நிறுத்திவிட்டு, சுருதி இறக்கி, முதலிலிருந்து பாடினோம். அவன் கல்லறையில் இன்னும் சிலுவை வைக்கவில்லை, மண்மேடுதான், மழையில் ஒரு பக்கம் கரைந்திருந்தது. மகன் டிசம்பருக்குள் கட்டிவிடுவதாகச் சொல்கிறான்.

ஆக, பாடினோம்.

இன்று முதல் ஞாயிறு, திருவிருந்து இருந்தது. பொதுக் கிண்ணம் இல்லை. ஆயர் அப்பத்தை ரசத்தில் தோய்த்து, இடுக்கியால் எடுத்துக் கையில் வைத்தார். பணியாரம் எடுக்கிற மாதிரி இருந்தது என்று பொருளாளர் காதில் சொன்னார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு. ஓய்வுநாள் பள்ளி இன்னும் திறக்கவில்லை. 1-ஆம் தேதியிலிருந்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளே பள்ளிக்கூடம் போகிறார்கள், நாம் மட்டும் ஏன் என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். வேப்பமரத்தடியில் வைத்து நடத்தலாம் என்று யோசனை.

இப்போது உன்னிடம் காரியம். டிசம்பரில் வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுகிற கீத பவனி போவதா வேண்டாமா என்று பேச்சு. வீட்டுக்குள் போகாமல், கேட்டுக்கு வெளியே தெருவில் நின்று ரெண்டு பாட்டு, டீ முறுக்கு கிடையாது, அடுத்த வீடு. இதற்கு நான் சம்மதம் சொல்லிவிட்டேன். முறுக்கு கிடையாது என்றதும் பேஸில் ரெண்டு பேர் விலகிவிட்டார்கள். டெனரில் இருக்கிற புதுப் பையன்களுக்கு நாலு குரல் தெரியாது, எல்லோரும் மெலடியையே பாடுகிறார்கள். உன் டிரங்குப் பெட்டியில் டானிக் சோல்ஃபாவில், அதாவது சுரங்களை எழுத்தாகக் குறிக்கிற முறையில், எழுதிய அந்தப் பச்சை நோட்டு இருக்குமே, கரையான் தின்னாமல் இருந்தால் ஜெராக்ஸ் எடுத்து அனுப்பு. 28-ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகிற அட்வெந்து காலத்தின் முதல் ஞாயிறு, அதற்கு முன்னால் கிடைத்தால் நல்லது. படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதே, உன் கை நடுக்கத்துக்கு ஒரு சுரமும் தெரியாது.

நோட்டோடு நீயும் வந்தால் இன்னும் நல்லது. ரெண்டாவது ஊசி போட்டு ரெண்டு வாரம் ஆகியிருக்க வேண்டும், பார்த்துக்கொள். உன் பெஞ்சில் டேப் ஒட்டியிருக்கிறது. அதற்கு முந்தின பெஞ்சு உனக்கு.

உன் மச்சான்