மாநிலங்களவை உறுப்பினர் யாருக்குமே சொந்தமில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழை 40 வருடங்களுக்கும் மேலாக வாசித்து வருகிறேன். குறை சொல்லி எழுதுவது இதுதான் முதல் தடவை. போன மாதம் ஞாயிறு இணைப்பின் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர், ஊர்க் காரியத்துக்காக மாநிலங்களவை உறுப்பினரிடம் மனு கொடுக்கலாமா என்று கேட்டிருந்தார். ‘அவர்களுக்குத் தொகுதி கிடையாது. எனவே பொதுமக்கள் அவர்களிடம் கேட்பதற்கு எதுவும் இல்லை’ என்று பதில் போட்டிருந்தீர்கள். வாசித்தபோது மனது சங்கடப்பட்டது. சரி, அவசரத்தில் யாரோ எழுதியிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். இரண்டு வாரம் கழித்து அதே வரியை ஓர் அலுவலகத்தில் எனக்கே பதிலாகச் சொன்னார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் ஊர் உசிலம்பட்டி பக்கம். ஊர்ப்புற நூலகத்தின் கூரை காரை பெயர்ந்து விழுகிறது. மழை நாளில் புத்தக அலமாரிகளைச் சுவரோரத்திலிருந்து நடுக்கூடத்துக்கு இழுத்து வைத்து, மேலே தார்ப்பாய் போட்டு மூடுகிறோம். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் அந்தத் தார்ப்பாய்க்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்து படிக்கிறார்கள். வாசகர் வட்டத்தின் சார்பில் நானும் இன்னும் இரண்டு பேரும் மனு எழுதி எடுத்துக்கொண்டு போனோம். மாநிலங்களவை உறுப்பினர் நிதியில் கேட்பதற்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று விசாரித்தோம். அந்த அலுவலகத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. அங்கே இருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். “ராஜ்யசபா எம்.பி.க்குத் தொகுதியே கிடையாதே சார், அவங்ககிட்ட நீங்க எப்படிக் கேப்பீங்க? பேப்பர்லயே போட்டிருந்தாங்களே, பாக்கலையா?” என்றார். மனுவைக் கையில் வாங்கக்கூட இல்லை.

நான் 31 வருடம் சமூக அறிவியல் நடத்தியவன். மாநிலங்களவை நிலையான அவை, அதைக் கலைக்க முடியாது, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவார்கள், ஒருவரின் பதவிக்காலம் ஆறு ஆண்டு என்று எத்தனை வகுப்புகளில் சொல்லிக் கொடுத்திருப்பேன்! அந்தத் தம்பியிடம் பதில் சொல்ல வாய் வரவில்லை. பத்திரிகையில் அச்சாகிவிட்டால் எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சு கிடையாது, அது உங்களுக்கும் தெரியும்.

மேம்பாட்டு நிதி எப்படி வேலை செய்கிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு நாடாளுமன்ற உறுப்பினருக்கும் வருடத்துக்கு 5 கோடி ரூபாய். மக்களவை உறுப்பினர் முக்கியமாகத் தன் தொகுதிக்குள் பணிகளைப் பரிந்துரைக்கிறார். மாநிலங்களவை உறுப்பினர் தான் தேர்வான மாநிலத்தின் எந்த மாவட்டத்துக்கும் பரிந்துரைக்கலாம். குடியரசுத் தலைவர் நியமிக்கிற உறுப்பினர் நாடு முழுக்க எங்கும் பரிந்துரைக்கலாம். தமிழ்நாட்டுக்கு 18 இடங்கள். ஒருவர் ஆறு வருடம் இருந்தால், கொரோனா சமயத்தில் நிறுத்தி வைத்த காலம் நீங்கலாக, கணக்குப்படி 30 கோடி. இதில் எங்கள் நூலகக் கூரைக்குக் கேட்க எங்களுக்கு எதுவும் இல்லை என்று எப்படி எழுத மனம் வந்தது?

அதுவும் எங்களைப் போன்றவர்களிடம். மதுரை மாவட்டத்தில் 10 சட்டமன்றத் தொகுதிகள் இருக்கின்றன. அவற்றில் 6 மட்டுமே மதுரை மக்களவைத் தொகுதிக்குள் வருகின்றன. உசிலம்பட்டியும் சோழவந்தானும் தேனியோடு சேர்ந்தவை, திருமங்கலமும் திருப்பரங்குன்றமும் விருதுநகரோடு. பட்டா, சாதிச் சான்று எல்லாவற்றுக்கும் நாங்கள் மதுரை. எம்.பி. என்றால் வேறு மாவட்டத்தைப் பார்க்க வேண்டும். உங்கள் மதுரைப் பதிப்பில் ‘நம் எம்.பி.’ என்று செய்தி வரும்போதெல்லாம் அது எங்கள் எம்.பி. இல்லை. இதைப் பற்றி, தொகுதிகளை மாற்றியமைத்து முதல் தேர்தல் நடந்த 2009-லிருந்து ஒரு வரியாவது எழுதுவீர்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இப்படி ஒரு கால் இங்கேயும் ஒரு கால் அங்கேயுமாக நிற்கிற ஊர்க்காரர்களுக்கு, எந்த மாவட்டத்துக்கும் பரிந்துரைக்க முடிகிற ஓர் உறுப்பினர் எவ்வளவு பெரிய வழி!

அவர்களை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை என்பீர்கள். நாங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய எம்.எல்.ஏ.க்கள்தானே தேர்ந்தெடுக்கிறார்கள்? ஆறு இடத்துக்குத் தேர்தல் வந்தால் ஓர் இடத்துக்கு 34 எம்.எல்.ஏ.க்களின் ஓட்டு வேண்டும். அந்த 34-ல் எங்கள் ஓட்டும் இருக்கிறது. 2020, 2022, 2025 மூன்று முறையும் எல்லோரும் போட்டியின்றியே தேர்வானார்கள் என்பதால் அந்த ஓட்டுப்பதிவைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. அந்த நாட்களில் எந்தக் கட்சிக்கு எத்தனை, யாருக்குச் சீட்டு, யாருக்கு வருத்தம் என்று பக்கம் பக்கமாகப் போட்டீர்கள். சான்றிதழ் வாங்குகிற படமும் வந்தது. அதற்கப்புறம் ஆறு வருடம் அவர் என்ன கேள்வி கேட்டார், எந்த ஊருக்கு என்ன செய்தார் என்று தேடினால் கிடைப்பதில்லை. பதவிக்காலம் முடிகிற அன்று பிரிவுபசாரப் பேச்சுச் செய்தி மட்டும் வருகிறது.

இதில் எனக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன். அலுவலகத்தில் ஆகவில்லை என்றதும் நேராகவே எழுதுவோம் என்று ஓர் உறுப்பினருக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. அவருடைய பதவிக்காலம் 2025 ஜூலையிலேயே முடிந்துவிட்டிருக்கிறது. அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. தினமும் பத்திரிகை படிக்கிற, இதையே பாடமாக நடத்திய எனக்கு யார் இருக்கிறார், யார் போனார் என்று தெரியவில்லை என்றால், மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்?

மேலவை என்றாலே எனக்கு ஒரு பழைய வலி உண்டு. 1982-ல் வேலைக்குச் சேர்ந்தேன். நம் மாநிலத்துக்கும் அப்போது சட்டமேலவை என்று ஒரு மேலவை இருந்தது, அதில் ஆசிரியர்களுக்கென்று தொகுதிகள் இருந்தன. மூன்று வருடம் பணி முடித்தவர்களுக்கு ஓட்டு. எனக்கு அந்தத் தகுதி வந்து ஒரு தேர்தலைக்கூடப் பார்க்கவில்லை, 1986 நவம்பர் 1-ஆம் தேதி மேலவையே இல்லாமல் போனது. 2010-ல் திரும்ப வரும் என்றார்கள். அடுத்த ஆண்டு ஆட்சி மாறியதும் அந்தப் பேச்சும் நின்றது. ஆசிரியர்கள் எதை இழந்தார்கள் என்று அப்போது ஒரு கட்டுரையாவது வருமென்று காத்திருந்தேன்.

இன்னொன்று. 1952-ல் மாநிலங்களவை முதன்முதலாகக் கூடியபோது நியமிக்கப்பட்ட 12 பேரில் ருக்மிணி தேவி அருண்டேல் ஒருவர். 1904-ல் இதே மதுரையில் பிறந்தவர். அவரைப் பற்றி எப்போது எழுதினாலும் அவர் தொடங்கிய நாட்டியப் பள்ளியான கலாக்ஷேத்ராவோடு நிறுத்திக்கொள்கிறீர்கள். மிருகவதைக்கு எதிராக அவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் அவர். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி சொன்னதால் அதைத் திரும்பப் பெற்றார். 1960-ல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 2014-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது அந்தச் சட்டத்தை வைத்துத்தான். 2017 தை மாதம் அலங்காநல்லூர் வாடிவாசல் முன்னால் என் பழைய மாணவர்கள் ராத்திரி பகலாக உட்கார்ந்திருந்தார்கள். நானும் இரண்டு நாள் அவர்களோடு இருந்தேன். அப்புறம் சட்டமன்றம் திருத்தம் செய்ததும் அதே சட்டத்தைத்தான். தடையில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. ஆனால் தொகுதியே இல்லாத ஓர் உறுப்பினர் தொடங்கி வைத்த காரியம், 50 வருடத்துக்கும் மேல் கழித்து எங்கள் வாடிவாசலை மூட வைத்ததா இல்லையா? அவர்களிடம் கேட்க எங்களுக்கு எதுவும் இல்லையா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்தப் பதிலுக்கு ஒரு திருத்தம் போடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை அரைப் பக்கம் ஒதுக்கி, தமிழ்நாட்டின் 18 பேரின் பெயர், பதவிக்காலம் முடியும் தேதி, கடிதம் எழுத வேண்டிய முகவரி, அந்த வருடம் எந்தெந்த மாவட்டத்துக்கு எந்தப் பணியைப் பரிந்துரைத்தார்கள் என்ற விவரம், இவ்வளவும் போட்டால் போதும்.

திருத்தம் வருகிற அன்று அதை வெட்டி எடுத்துக்கொண்டு மறுபடி அந்த அலுவலகத்துக்குப் போவேன். மனு என்னிடம்தான் இருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் போட்டீர்களானால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சமூக அறிவியல் ஆசிரியர்,
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.